இடுப்பு மணி

இங்கே யாருடைய இடுப்பிலும் கயிறு கிடையாது. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் எதெல்லாம் விசித்திரமாகப் பட்டது என்று கேட்டால் எல்லோரும் மழையைச் சொல்வார்கள், குளிரைச் சொல்வார்கள். நான் இதைத்தான் சொல்வேன். அபூர்வமாக வெயிலடித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை கடற்கரைக்குப் போயிருந்தோம். பொடிசுகள், வாட்டசாட்டமான வாலிபர்கள், தொப்பை சரிந்த கிழவர்கள் என்று ஊரே அங்கே கிடந்தது. அத்தனை பேருக்கும் மழுமழுவென்று வெறும் இடுப்பு. எங்கள் ஊரில் ஒரு மனிதனை அப்படிப் பார்க்க வேண்டுமென்றால், அவனைப் பாடையில் ஏற்றுவதற்குமுன் அரைஞாண் கயிற்றை அறுத்த பிறகுதான் பார்க்கலாம். அதனால் எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்தது. பயம் போனதும் கூச்சம் வந்தது. சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு, காற்றில் தூக்காமல் இருக்க அதன் நுனியைப் பிடித்தபடியே சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தேன்.

கள்ளக்குறிச்சிப் பக்கம் நைனார்பாளையத்திலிருந்து அயர்லாந்தின் மேற்குக் கரையோரச் சிற்றூர் ஒன்றுக்கு எங்களைக் கொண்டுவந்து சேர்த்தது என் மனைவி கவிதாவின் நர்ஸ் வேலை. நான் அவளுடைய விசாவின் வாலைப் பிடித்துக்கொண்டு வந்தவன். வாரத்தில் பாதி நாள் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்குகிறேன், மற்ற நேரத்தில் மகள் மகிழைப் பார்த்துக்கொள்கிறேன். மகிழுக்கு நாலு வயது முடிந்துவிட்டது. கூடப் படிக்கும் பிள்ளைகள் சனிக்கிழமை காலையில் பாலே வகுப்புக்குப் போகிறார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் நுனிக்கால் நடைதான். சோறு வாங்க வருவதும் நுனிக்காலில், பல் துலக்கப் போவதும் நுனிக்காலில். தேவாலயத்துக்குப் பின்னால் இருக்கும் மண்டபத்தில் வகுப்பு நடக்கிறது. பெயர் கொடுத்தோம், இடமும் கிடைத்தது. அதற்கு லியோட்டார்ட் என்று ஓர் உடுப்பு வேண்டும் என்றார்கள். தோளிலிருந்து தொடைவரை தோலோடு தோலாக ஒட்டிக்கொள்ளும் துணி அது. நம்மூர்ப் பாவாடை சட்டைக்கு இருக்கும் பெருந்தன்மை அதற்குக் கிடையாது, உள்ளே இருப்பதையெல்லாம் வெளியே சொல்லிவிடும்.

மகிழின் இடுப்பில் இருந்தது கறுப்புக் கயிறு. அதில் இரண்டு வெள்ளிக் குண்டுகள், நடுவில் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு வெள்ளி மணி. பெயர் வைக்கும் நாளில் அத்தைதான் கொண்டுவந்து கட்ட வேண்டும் என்பது எங்கள் பக்கத்து முறை. மகிழின் அத்தை என்றால் என் அக்கா அஞ்சலை. அக்காவுக்கு நிலம் நீச்சு எதுவும் இல்லை. கரும்பு வெட்டுக்கும், மரவள்ளிக் கிழங்கு பிடுங்கவும் கூலிக்குப் போகிறவள். சீசனில் விடியற்காலையிலேயே மினி வேனில் ஏற்றிக் கல்வராயன் மலைக்குக் கொண்டுபோவார்கள், இருட்டுகிற நேரத்துக்கு இறக்கிவிடுவார்கள். அந்தக் கூலியில்தான் சங்கராபுரத்து நகைக்கடையில் சொல்லிவைத்து மணியை வாங்கி வந்தாள். கட்டி முடித்ததும் குழந்தையைத் தூக்கி லேசாகக் குலுக்கிப் பார்த்தாள். மணி கிணுங்கியது. சுற்றியிருந்தவர்களை ஒரு பார்வை பார்த்தாளே, அந்தப் பெருமையை நான் அதற்குமுன் அவள் முகத்தில் கண்டதில்லை.

மாட்டுப் பொங்கலன்று ஊரில் மாடுகளுக்குப் புதுக் கயிறு மாற்றும்போது மனிதர்களும் அரைஞாண் கயிறு மாற்றிக்கொள்வார்கள். எங்களுக்கு மாடு கிடையாது, ஆனாலும் கயிறு உண்டு. ஏரியில் குளித்துவிட்டு வரிசையாக நிற்போம், புதுசைக் கட்டி முடித்த பிறகுதான் பழசை அறுப்பார்கள். கண்ணிமைக்கும் நேரம்கூட இடுப்பு வெறுமையாக இருக்கக் கூடாது. மகிழ் வளர வளர மாற்றிக் கட்டுவதற்காக அக்கா ஒரு உருண்டைக் கயிற்றை ஊறுகாய்ப் பாட்டிலோடு சேர்த்துப் பொதிந்து கொடுத்தனுப்பியிருந்தாள். அதைச் சமையலறை டிராயரில் போட்டு வைத்திருந்தோம்.

அந்தச் சனிக்கிழமை கவிதாவுக்குக் காலை ஷிப்ட். கிளம்பும்போது, "கொண்ட போடறப்ப இழுத்துப் போடாதீங்க, அழுவா. அந்த மணி சத்தம் கேக்கும்னா அத மட்டும் கழட்டி வெச்சிட்டு அனுப்புங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். மணியை மட்டும். இதை நான் நன்றாகக் காதில் வாங்கினேன்.

கொண்டை போடுவதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. தேங்காயெண்ணெய் தடவி வளர்த்த முடி, ஒரு பின்னுக்கும் அடங்காமல் வழுக்கியது. இளஞ்சிவப்புக் காலுறையை முதலில் முன்பின்னாக மாட்டிவிட்டு, திரும்பக் கழற்றி மாட்டினேன். மகிழ் எதற்கும் முனகவில்லை. அவளுக்கு ஆட வேண்டும், அவ்வளவுதான். கடைசியாக லியோட்டார்ட்டை ஏற்றிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தேன். இடுப்பைச் சுற்றி ஒரு வரம்பு, வலப்பக்கம் முடிச்சு ஒரு புடைப்பு, நடுவில் மணி இன்னொரு புடைப்பு. வாசலில் காத்திருக்கப்போகும் அம்மாக்களை நினைத்தேன். அவர்களுடைய பிள்ளைகளின் வழவழப்பான இடுப்பை நினைத்தேன். மணியை மட்டும் கழற்றினால் கயிறு தெரியும். கயிற்றைத் தளர்த்திக் கீழே இறக்கினால் முடிச்சு தெரியும். உடுப்பைத் திரும்ப உரித்து, கத்தரிக்கோலை எடுத்து ஒரே வெட்டு. புதுசு கட்ட நேரமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நேரம் இருந்தது. "அப்பா, என் மணி?" என்றாள் மகிழ். "டான்ஸ் முடிச்சுட்டு வந்து கட்டிக்கலாம்" என்றேன். அறுத்த கயிற்றைக் குப்பையில் போடக் கை வரவில்லை, சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். என் இடுப்பில் என் கயிறு பத்திரமாக இருந்தது. அது யாருக்கும் தெரியாத கயிறல்லவா.

இதற்குள் அக்காவே வீடியோவில் கூப்பிட்டுவிட்டாள். அங்கே மத்தியானம். கிழங்குக் காட்டு மேட்டில், புடவைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை போட்டு, கையெல்லாம் செம்மண்ணாக நின்றுகொண்டிருந்தாள்.

"இன்னா தம்பி, பாப்பா எங்க? சீக்கிரம் காட்டு, இந்த மேட்ட வுட்டா டவரு கெடைக்காது."

மகிழ் போனுக்கு முன்னால் சுற்றினாள், குதித்தாள், கையை உயரத் தூக்கிக் காட்டினாள். அக்கா கூட வேலை செய்யும் பெண்களையெல்லாம் கூப்பிட்டாள். "பாருங்கடி, எங்க பாப்பா அந்த ஊரு டான்ஸு ஆடப் போவுது!" நாலைந்து முகங்கள் போனுக்குள் முட்டி மோதின. பிறகு அக்கா கேட்டாள்:

"ஏன்டா, இம்மாம் இறுக்கமா போட்டுக்கினு இருக்குறா, அரணாக்கயிறு உறுத்தாதா?"

"இல்லக்கா. உள்ள வசதியாத்தான் இருக்குது" என்றேன். எவ்வளவு சுலபமாக வாயில் வந்தது. மகிழ் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்குத் தமிழ் நன்றாகவே புரியும்.

"சரி, சரி. பொட்டு ஒண்ணு வெச்சி இட்டுக்கினு போ" என்றாள் அக்கா. அத்துடன் டவர் போய்விட்டது. பொட்டும் நான் வைக்கவில்லை.

மண்டபத்தில் பெற்றவர்கள் உள்ளே போகக் கூடாது. வெளியே நடைபாதையில் மர பெஞ்சு போட்டிருந்தார்கள். கதவுக்கு அந்தப் பக்கம் பியானோ கேட்டது. பக்கத்திலிருந்த அம்மா மழை விட்டதைப் பற்றி ஏதோ சொன்னாள், நானும் தலையாட்டினேன். மற்ற அப்பன்களைப் போலவே கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தேன். என் மகளும் மற்ற பிள்ளைகளைப் போலவே உள்ளே இருக்கிறாள் என்று நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி பாதி வகுப்புவரைதான் நீடித்தது. கதவு திறந்தது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வரும் ப்ரீடா என்ற பெண்மணி மகிழின் கையைப் பிடித்தபடி வந்து, ஒரு நிமிஷம் பேசலாமா என்று கேட்டாள். பெஞ்சிலிருந்து நாலு அடி தள்ளிப் போனோம்.

மகிழைக் கழிப்பறைக்கு அழைத்துப்போனாளாம். அந்த உடுப்பை முழுக்கக் கழற்றினால்தான் உட்கார முடியும். அப்போது இடுப்பைச் சுற்றி ஒரு தடத்தைப் பார்த்தாளாம். பிறந்ததிலிருந்து கயிறு கிடந்த இடத்தில் கறுத்துப்போன கோடு. எனக்கு அது கண்ணில் பட்டதே இல்லை, நம் வீட்டில் எல்லோருக்கும் இருப்பதுதானே. கயிற்றை அறுத்தேனே தவிர அந்தக் கோட்டை யார் அறுப்பது? அவள் தணிந்த குரலில், குழந்தைக்கு வலிக்கிறதா, எதிலாவது கட்டியிருந்தீர்களா என்று கேட்டாள். கேட்பது தன் கடமை என்றும் சொன்னாள். அவள் கேட்டதன் அர்த்தம் எனக்கு உறைக்கவே இல்லை. தோல் நிறத்தைப் பற்றித்தான் விசாரிக்கிறாள் என்று நினைத்து, "எலாஸ்டிக். பேண்ட் எலாஸ்டிக்" என்று சிரித்தேன்.

"நோ," என்றாள் மகிழ் ஆங்கிலத்தில், எல்லோருக்கும் கேட்கும்படி. "டாடி கட் இட். வித் த சிஸர்ஸ்."

ப்ரீடாவின் முகத்தில் ரத்தம் வற்றியதைப் பார்த்த பிறகுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. இந்த நாட்டில் பிள்ளையை அப்பன் அம்மாவிடமிருந்து பிரித்து எடுத்துப்போவார்கள் என்று நம்மவர்கள் கூடும் இடத்திலெல்லாம் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். சட்டைப்பையிலிருந்து கயிற்றை எடுத்து நீட்டினேன். மணி கிணுங்கியது. அறுந்த கறுப்புக் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பவனைப் பார்த்தால் நானே போலீசைக் கூப்பிட்டிருப்பேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலம் மொத்தமும் அந்த நேரம் பார்த்துக் கைவிட்டது. வேறு வழி தெரியவில்லை. பெஞ்சில் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, சட்டையைத் தூக்கி, பெல்ட்டுக்கு மேலே என் கயிற்றை இழுத்துக் காட்டினேன். தொப்பையும் கயிறும் கறுத்த தடமுமாக நின்றேன். "ஆல். மை கண்ட்ரி, ஆல். மை சிஸ்டர் டை" என்றேன். அக்கா கட்டினாள் என்று சொல்ல நினைத்தது அப்படித்தான் வந்தது. அக்கா இறந்துவிட்டாள் என்று எடுத்துக்கொண்டாளோ என்னவோ, ப்ரீடாவின் கண் கலங்கிவிட்டது. அதைத் திருத்திச் சொல்லவும் எனக்குத் தெம்பில்லை.

கடைசியில் டான்ஸ் டீச்சர் வந்து, நிதானமாகக் கேட்டுப் புரிந்துகொண்டார். அவருக்கு அது ஒரு பிரச்சினையாகவே படவில்லை. உடுப்புக்குள்ளேயே இருந்து, ஆடும்போது அவிழ்ந்து விழாமல் இருந்தால் போதும், தாராளமாகக் கட்டிக்கொண்டு வரட்டும் என்றார். மணி இருந்தாலும் சரியா என்று கேட்டேன். மணி என்றால் இன்னும் அழகு என்றார். யாரும் சொல்லாத ஒரு தடையை நானே உண்டாக்கிக்கொண்டு, அதற்காகக் கயிற்றை அறுத்திருக்கிறேன். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக உருண்டையிலிருந்து புதுக் கயிறு வெட்டி, குண்டுகளையும் மணியையும் கோத்துக் கட்டிவிட்டேன். ஷிப்ட் முடிந்து வந்த கவிதா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மணியத்தானே கழட்டச் சொன்னேன், கயிறு உங்கள இன்னா பண்ணுச்சு?" என்றாள்.

மறுநாள் காலை அக்காவைக் கூப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமை, வேலை இல்லாமல் வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நேத்து உங்கிட்ட ஒண்ணு..."

"தெரியும்டா" என்றாள்.

"எப்படிக்கா?"

"பாப்பா அந்தக் குதி குதிச்சுது. மணி சத்தம் வரலியே."

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். அவள் மடித்த புடவையை ஓரமாக வைத்துவிட்டு, போனைப் பார்க்காமல் சொன்னாள்:

"நானும் வேன்ல வரச்சொல்லோ அதையேதான் யோசன பண்ணிக்கினு வந்தேன். கயிறா இல்லாம முழுசா வெள்ளிக் கொடியாவே எடுத்துப் போட்டிருந்தா அங்க நாலு பேரு பாக்கறதுக்கு நல்லா இருந்திருக்கும், இல்ல? வெறும் கயிறுன்னதும் உனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. அப்ப எனக்கு அவ்ளோதான்டா முடிஞ்சுது."

அப்படி இல்லக்கா, அப்படி இல்லக்கா என்று இரண்டு மூன்று தடவை சொன்னேன். வேறு எப்படி என்று அவள் கேட்கவில்லை. நான் பட வேண்டிய வெட்கத்தை மலையிலிருந்து இறங்கும் வேனில் உட்கார்ந்து அவள் பட்டிருக்கிறாள். இதை எழுதும்போதும் எனக்குக் கூசுகிறது.

அடுத்த சனிக்கிழமை கயிறும் மணியுமாகவே மகிழை அனுப்பினேன். இடுப்பில் வரம்பும் தெரிந்தது, முடிச்சும் தெரிந்தது. அவள் அதைப் பற்றி எந்தக் கவலையும் இல்லாமல் நுனிக்காலில் உள்ளே ஓடினாள். கதவு சாத்திக்கொண்டது, பியானோ தொடங்கியது. நான் பெஞ்சில் உட்காராமல் கதவோரமாகப் போய் நின்றேன். டீச்சர் குதிக்கச் சொல்வது கேட்டது. இத்தனை பிள்ளைகளின் கால் சத்தத்துக்கும் பியானோவுக்கும் நடுவில் அக்காவின் மணி கேட்கிறதா என்று கதவில் காதை வைத்தேன். வைத்தபடியே, பெஞ்சில் இருப்பவர்களுக்கு அது கேட்டுவிடக் கூடாதே என்று ஓரக்கண்ணால் அவர்களையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.