தோட்டத்துப் பாதைக்கு ஒரு கை

பிரதேச சபைக்கு உறுப்பினராகப் போன புதிதில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அன்றைக்கோ என் முதல் பிரேரணையே வாக்கெடுப்புக்கு வருகிறது. கலஹா பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயன் வீடுகளுக்கு வாகனம் ஏறுகிற மாதிரி கொங்கிரீட் பாதை போட வேண்டும் என்று கேட்டிருந்தேன். கிளினிக் நாளில், நடக்க முடியாத என் அண்ணியைக் கதிரையில் உட்கார வைத்து, நாலு பேர் தூக்கித்தான் பஸ் நிற்கும் இடத்துக்குக் கொண்டுவருவார்கள். மழை பெய்தால் அதுவும் இல்லை.

எழுந்து நின்று வாசித்தேன். பக்கத்தில் இருந்த உறுப்பினர், நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் கடைக்காரர், வழிமொழிந்தார். "தோட்டத்துப் பாதையத் தொர போடட்டும், சபைக் காசு எதுக்கு?" என்று எதிரில் ஒருவர் தோட்ட நிர்வாகியை இழுத்துக் கிளப்பினார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. "ஓட்டுக் கேக்க மட்டும் அந்தப் பாதையில ஏறி வந்தீங்களே" என்று கேட்டேவிட்டேன். சபை சிரித்தது. தவிசாளர் மேசையைத் தட்டி, ஆதரிப்பவர்கள் கையை உயர்த்தச் சொன்னார்.

நான் எதிர்பார்க்காதவர்கள்கூட உயர்த்தினார்கள். பூரிப்பில் நான் கையைக் கட்டிக்கொண்டு அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் தோட்டத்துக் கோயில் கமிட்டியில் அதுதான் முறை. தான் கேட்ட காரியத்துக்குத் தானே கை தூக்குவது மரியாதை இல்லை, மற்றவர்கள்தான் தூக்க வேண்டும்.

அடுத்து எதிர்ப்பவர்கள். செயலாளர் எண்ணிவிட்டு, இரண்டும் சமம் என்றார். சமம் வந்தால் தீர்மானிக்கும் வாக்கு தவிசாளருக்கு. அவர் பாதைக்கு எதிர் என்பது சபைக்கே தெரியும்.

நானா என் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, நீங்க கைய ஒசத்தல்லயா?"

"நான் கேட்ட பாதைக்கு நானே எப்பிடி..."

"அல்லாவே, ஒசத்துங்க."

இரண்டு கையையும் தூக்கிவிட்டேன். எண்ணி முடிந்துவிட்டது என்று எதிர்ப்பக்கத்தில் ஒரே கூச்சல். தவிசாளர் என்னையே கொஞ்சம் பார்த்தார். அவர் சிங்களத்தில் சொன்னதை மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார்: "முடிவு இன்னும் அறிவிக்கப்படவில்லை. அந்த உறுப்பினரின் வாக்கையும் சேர்க்கவும். ஒரு கை மட்டும்."

ஒரே வாக்கில் பிரேரணை நிறைவேறியது. கூட்டம் கலைந்ததும் வெளியே ஓடிவந்து அண்ணிக்குப் போன் எடுத்தேன்.

"அண்ணி, ஜெயிச்சிட்டோம். பாதை வருது."

அண்ணி மெதுவாகக் கேட்டார்.

"அப்போ, தூக்கிட்டுப் போங்கன்னு இனிமே யாரையும் கெஞ்ச வேணாந்தானே?"