எகிப்துக்காரியின் செத்த வீடு

எங்கள் வீட்டில் கடிதம் வாசிக்கிற ஆள் நான்தான். அம்மா பள்ளிக்கூடத்துக்குப் போனதே இல்லை. அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும் வரும். நோர்வேயில், தலைநகரின் ஓரத்து வெஸ்ட்லியில் இருந்த எங்கள் தொடர்மாடி வீட்டுக்கு வந்த அரச கடிதங்களையும் பல் வைத்தியரின் நினைவூட்டல்களையும் பத்து வயதில் நான் வாசித்துச் சொல்ல, இருவரும் வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது.

அது 2009இன் இலையுதிர் காலம். ஊரில் போர் முடிந்த மே மாதத்துக்குப் பிறகு, வன்னியில் இருந்த மாமாவைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அம்மா தூக்கி வளர்த்த தம்பி அவர். செத்தவருக்கு முப்பத்தோராம் நாள் செய்யவேண்டிய அந்திரட்டிக் கிரியையை இனியாவது செய்துவிடுவோம் என்று அப்பா சொல்வாராம். உடம்பைக் காணாமல் ஆருக்குச் செய்வது என்று அம்மா மறுப்பாராம். குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு கதைத்த இதெல்லாம் எனக்குப் பின்னாளில்தான் தெரிந்தது. அன்றைக்கு மாமா என்றால், கண்ணாடி அலுமாரிக்குள் மாலை இல்லாமல் இருந்த ஒரு படம்.

பள்ளிக்கூடத்தில் பழைய எகிப்தைப் பற்றி எழுதி வரச் சொல்லியிருந்தார்கள். நகர நடுவிலிருந்த அருங்காட்சியகத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். ஆம், நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். தெ-பானே என்கிற சுரங்க ரயிலில் தரிப்பிடங்களின் பெயர்களை ஒவ்வொன்றாக உரக்க வாசித்தேன். அம்மா அவற்றை விரல் மடித்து எண்ணித்தான் வேலைக்குப் போய்வருபவர்.

கண்ணாடிப் பெட்டிக்குள் மம்மி கிடந்தது. நான் குறிப்பேட்டைத் திறந்தேன். அம்மா பெட்டியை ஒருமுறை சுற்றி வந்தார். பிறகு மெல்லிய குரலில் கேட்டார்.

"பொம்பிளையோ, பிள்ளை?"

"ஓம்."

"பேர் என்னவாம்? சகோதரங்கள் இருந்தவையோ?"

எழுதியிருந்த நீளமான பெயரை நான் எழுத்துக்கூட்டி வாசித்தேன். தகப்பனின் பெயர் இருந்தது, சகோதரங்களைப் பற்றி ஒன்றும் இல்லை. அம்மா தலையாட்டினார். பிறகு மேலங்கியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, பெட்டியின் தலைமாட்டில், வெறும் நிலத்தில், காலை ஒரு பக்கம் மடித்து உட்கார்ந்துவிட்டார்.

ஒரு நோர்வேஜியக் குடும்பம் எங்களைச் சுற்றிக்கொண்டு நடந்தது. எனக்குக் காது சுட்டது. காவலுக்கு நின்ற பெண் வந்து, ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டார். அம்மாவுக்குக் கால் நோகிறது என்று நல்ல நோர்வேஜிய மொழியில் பொய் சொன்னேன். அவர் ஓடிப்போய் ஒரு மடக்குக் கதிரை கொண்டுவந்தார். அம்மா "தக்" என்று நன்றி சொல்லி, அதை ஓரமாகத் தள்ளி வைத்தார்.

"செத்த வீட்டிலை கதிரையிலை இருக்கிறதே?" என்றார் என்னிடம். கொஞ்ச நேரம் கழித்து, தனக்குத்தானே சொல்வதுபோல, "எவ்வளவு பத்திரமா வைச்சிருக்கினம்" என்றார்.

நான் இரண்டு பக்கம் எழுதி, படமும் வரைந்து முடிக்கும் வரைக்கும் அவர் எழும்பவில்லை.

வெளியே வந்ததும், கால் நோகாத அம்மா கடற்கரை வரைக்கும் நடந்தார். புது ஒப்பெரா மண்டபத்தின் வெள்ளைக் கல் கூரையில் ஏறி நின்றோம். எதிரே பாரந்தூக்கிகள் வரிசையாக நின்றன. போன மாதம் வெறும் வானமாக இருந்த இடத்தில் இப்போது ஐந்து மாடி எழும்பியிருந்தது. பக்கத்துக் கட்டடமொன்றைத் துடைக்க விடியற்காலையில் வருகிற அம்மாவுக்கு அத்திவாரத்துக்கு வெட்டிய அந்தக் கிடங்குகள் எல்லாம் பழக்கம். அங்கே கிண்டும்போது பழைய வள்ளங்கள் அகப்பட்டனவாம். ஒரு பலகைத் துண்டைக்கூட எறியாமல் இலக்கம் போட்டு எடுத்தார்களாம். கூட வேலை செய்பவர்கள் சொன்னதாகச் சொல்லிவிட்டு, அந்தச் சேற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குக் குளிர்ந்தது. போவோம் என்று கையைப் பிடித்து இழுத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா என்னை ஒன்றையும் தொடவிடவில்லை.

"செத்த வீட்டுக்குப் போட்டு வந்தனாங்கள். முழுகிப்போட்டுத்தான் மற்றதெல்லாம்."

அப்பா பதறிப்போய், ஆருடைய செத்த வீடு என்று கேட்டார். எகிப்துக்காரியுடையது என்றேன் நான். அப்பா சிரித்தார். அவள் செத்து ஆயிரக்கணக்கான வருடங்கள் ஆயிற்று, இனி என்ன துடக்கும் தீட்டும் என்று நானும் படித்தவளாக விளக்கினேன். அம்மா குளியலறைக் கதவைச் சாத்தினார்.

நெடுநேரம் தண்ணீர் ஓடியது. ஈரத் தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு வந்தவர், கண்ணாடி அலுமாரியைத் திறந்து, மாமாவின் படத்தை எடுத்துச் சேலைத் தலைப்பால் துடைத்தார்.

"ஐயரோடை கதையுங்கோ" என்றார் அப்பாவிடம். "அந்திரட்டியைச் செய்வம்."

அப்பாவின் சிரிப்பு நின்றுவிட்டது.

எகிப்துக்காரிக்கு வெஸ்ட்லியில் அந்திரட்டியோ என்று நான் கேட்டேன். நல்ல பகிடி என்றுதான் நினைத்தேன். இருவரும் சிரிக்கவில்லை. இவர்கள் பள்ளிக்கூடம் போயிருந்தால் விளங்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு, என் மம்மிக்கு நிறம் தீட்டப் போனேன்.