வீட்ல என்றால் யாருக்கு?

கலைப்பிரியாவுக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து மெடிக்கலில் ஏழு வருடமாக நிற்கிறாள். முதலாளி அரங்கநாதன் வாங்கிப் போட்ட ஸ்டூல் இத்தனை நாளும் அட்டைப் பெட்டிகளைத்தான் சுமக்கிறது. பிளஸ் டூவோடு படிப்பு நின்றுவிட்டது. ஆனால் எந்த மாத்திரை எந்தத் தட்டில் இருக்கிறது என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பாள். ஒலக்கூர் பக்கத்து ஜனம் மாத்திரையைப் பேர் சொல்லிக் கேட்பதில்லை. "உடம்பு வலிக்கு ஒரு செட்டு குடு" என்பார்கள். வலிக்கு ஒன்று, சத்துக்கு ஒன்று, வயிறு புண்ணாகாமல் இருக்க ஒன்று என்று அட்டையிலிருந்து கத்தரித்துக் காகிதக் கவரில் போட்டுக் கொடுப்பாள். டாக்டர் சீட்டை அந்தக் கடையில் யார் கேட்டார்கள்?

அன்று காலை கூட்டம் நெரிகிற நேரத்தில் டிராக்டர் ஓட்டும் குமரேசன் வந்தான். "வீட்ல இடுப்பு வலிக்குதுக்கா. மூணு வேளைக்கு செட்டு போடுங்க" என்றான். அவன் அம்மா பாஞ்சாலிக்கு மூட்டு வலி. மாதம் தவறாமல் செட்டு போகும். இந்த மாதம் வலி இடுப்புக்கு ஏறிவிட்டது போலிருக்கிறது என்று வழக்கமானதையே போட்டுக் கொடுத்தாள்.

பன்னிரண்டு மணிக்கு அந்தப் பாஞ்சாலியே மல்லாட்டைக் கடலைப் பையோடு கடை வாசலில் வந்து நின்றாள்.

"எனக்கு எப்பவும் குடுக்கறதைக் குடும்மா."

"காலையிலதானம்மா உங்க புள்ள வாங்கிக்கினு போனாரு?"

"எனக்கா? அது மருமவளுக்கு. எட்டு மாசம். இடுப்பு வலின்னு பொரண்டுக்கினு கெடக்குது."

கலைப்பிரியா கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். 'வீட்ல' என்றானே பாவி! இந்த ஊர் ஆம்பளைகள் பெண்டாட்டியை வீடு என்றுதான் சொல்வார்கள் என்பது அவளுக்குத் தெரியாததா? அவள் புருஷனே அப்படித்தான் சொல்கிறான். யாருக்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லையே. கலைப்பிரியா மாசமாக இருந்தபோது டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார்: வலி என்றால் பாராசிட்டமால் மட்டும், அதுவும் கேட்டுவிட்டுத்தான். டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் வகையறா பக்கமே போகாதே. ஐந்து மாதம் தாண்டினால் வயிற்றுக் குழந்தையின் சிறுநீரகம் கெடலாம், பனிக்குட நீர் குறையலாம். கடைசி மாதங்களில் அதன் இதயத்தை ஒட்டிய ரத்தக் குழாய் முன்கூட்டியே சுருங்கலாம். காலையில் கத்தரித்தது டைக்ளோஃபெனாக்.

"ஒரு வேளை போட்டதுக்கு ஒண்ணும் ஆவாது கலை. சும்மா பேஜாரு பண்ணாத, கடையைப் பாரு" என்றார் அரங்கநாதன்.

"ஆவாதுன்னு எழுதிக் குடுங்கண்ணா, நிக்கிறேன்."

அவர் போனைப் பார்க்க ஆரம்பித்தார். இவள் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டாள்.

குமரேசனுக்கு மணி அடித்துக்கொண்டே இருந்தது. டிராக்டர் சத்தத்தில் அவனுக்கு எங்கே கேட்கும்? அவன் மனைவி கவிதாவிடம் தனியாகப் போன் இல்லை. பாஞ்சாலியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஸ்கூட்டியை முறுக்கினாள். இந்நேரம் இரண்டாவது வேளையும் போட்டிருப்பாளோ என்பதே மண்டையைக் குடைந்தது.

"ஜல்தியா போவணுந்தான், அதுக்காக என்னைப் பள்ளத்துல தள்ளிட்டுப் போவாத தாயே!" என்று கத்தினாள் பாஞ்சாலி.

வாசலிலேயே கவிதா இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"அந்த மாத்திரை எத்தினி போட்ட?"

"நான் போடலியேக்கா. கேக்காம எதுவும் போடக் கூடாதுன்னு நர்ஸம்மா சொல்லியிருக்காங்க."

ஏழு வருடமாகக் கடையில் உட்காராதவள் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். போன உயிர் திரும்பி வந்தது.

"பாப்பாவுக்குத்தான் நேத்துலேர்ந்து காய்ச்சல். அதுல கால் மாத்திரை ஒடைச்சிக் குடுத்தேன். போன மாசம் ஊசி போட்டப்ப நர்ஸம்மா காலுதான் குடுக்கச் சொன்னாங்க."

கலைப்பிரியா துள்ளி எழுந்தாள். நர்ஸம்மா சொன்னது பாராசிட்டமாலில் கால்; இவள் உடைத்தது டைக்ளோஃபெனாக்கை. உள்ளே கவிதாவின் மூத்த பெண், இரண்டு வயது யாழினி, உதடு காய்ந்து, வாடிய கீரைத்தண்டாகக் கிடந்தாள்.

ஆட்டோ பிடித்து எல்லோருமாகப் போய்ச் சேர்ந்த ஒலக்கூர் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கவரைப் பிரித்துப் பார்த்தார். "யார் குடுத்தது இது?"

பாஞ்சாலி வாயைத் திறப்பதற்குள், "நான்தான் மேடம்" என்றாள் கலைப்பிரியா.

"கால் மாத்திரைக்குப் பெருசா எதுவும் ஆகாம இருக்கலாம். ஆனா குழந்தை காலையிலேர்ந்து தண்ணியே குடிக்கல, ஒண்ணுக்கும் போகல. இப்படி உடம்பு வத்தியிருக்கும்போது இந்த மாத்திரை கிட்னிக்கு ஆகாது. உப்பு சர்க்கரைத் தண்ணி பவுடர் தர்றேன், ஸ்பூன் ஸ்பூனா குடுங்க. ஒண்ணுக்குப் போறாளான்னு பாக்கணும். காய்ச்சலுக்கு எடையைப் பாத்து நான் மருந்து எழுதறேன்."

கவிதாவைக் கட்டிலில் படுக்க வைத்து வயிற்றுக் குழந்தையின் துடிப்பைக் கேட்டார்கள். துடிப்பு சரியாக இருந்தது. இடுப்பு வலிக்குச் சிறுநீர்ப் பரிசோதனை எழுதினார்கள். யாழினி கலைப்பிரியாவின் மடியில் இருந்தாள். ஒரு ஸ்பூன் கொடுப்பாள், கடிகாரத்தைப் பார்ப்பாள், துணியைத் தொட்டுப் பார்ப்பாள். ஈரம் இல்லை. மறுபடி ஒரு ஸ்பூன். அரங்கநாதன் நான்கு முறை அழைத்தார்; எடுக்கவில்லை. கத்தரிக்கோல் பிடித்த தன் கையை அவளுக்கே பிடிக்கவில்லை. இதுவரை எத்தனை பேருக்கு எத்தனை செட்டு கத்தரித்திருப்பாள்! யாருக்கு என்று எத்தனை முறை கேட்டிருப்பாள்?

ஒன்றரை மணி நேரம் போயிற்று. மடியில் திடீரென்று சூடாக நனைந்தது.

"மேடம்! போயிட்டா மேடம்!" என்று வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினாள். கத்தியவள் அழவும் ஆரம்பித்தாள். சுடிதாரெல்லாம் நனைந்து கிடக்க, குழந்தையை இறுக்கிக்கொண்டாள்.

"மூத்திரம் போனதுக்கா இப்படி அழுவுற?" என்று பாஞ்சாலி சிரித்தாள், அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

அப்போதுதான் குமரேசன் சேறும் சகதியுமாக மூச்சு வாங்க ஓடி வந்தான்.

"அக்கா, இப்பதான் போனைப் பாத்தேன். ஆஸ்பத்திரின்னு தெருவுல சொன்னாங்க. வீட்ல எப்படி இருக்குது?"

"எந்த வீட்ல? பேரைச் சொல்லிக் கேளுங்க!"

அவன் அம்மாவைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். கட்டிலில் இருந்தவளும் தலையைத் தூக்கிக் காத்திருந்தாள்.

"கவிதாவுக்கு," என்றான். "கவிதாவுக்கு எப்படி இருக்குது?"