கூறைப்புடவையில் வெட்டிய இதயங்கள்

பிரசவம் முடிந்து கைக்குழந்தையோடு நெய்வேலிக்குத் திரும்பினால், பெட்டியில் என் கூறைப்புடவை இல்லை.

"இன்ஜினியர் வூட்டம்மா செவப்புப் பட்டு கேட்டாங்க, குடுத்துட்டேன். நான் பர்மனென்ட் ஆவ வேணாமா?" என்றார் என் வீட்டுக்காரர்.

தாலி ஏறியபோது நான் கட்டியிருந்த புடவை. அதன்மேல் கத்தரிக்கோல் படவே கூடாது. சுமங்கலியாகச் செத்தால் அதைப் போர்த்தித்தான் எடுப்பார்கள்.

குழந்தையை இடுக்கிக்கொண்டு இன்ஜினியர் குவார்ட்டர்ஸுக்கு ஓடினேன். அந்த அம்மா அதை இதயம் இதயமாக வெட்டி, துண்டுத்துணிப் போர்வை ஒன்றில் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார்.

"வாம்மா, நீயும் ரெண்டு தைச்சுக் குடுத்துட்டுப் போறியா?" என்று ஊசியை நீட்டினார்.

வேலை போய்விடக் கூடாதே என்று ஊசியை வாங்கித் தைத்தேன். ஒவ்வொரு குத்தையும் என் வீட்டுக்காரரை நினைத்தே குத்தினேன்.

அடுத்த மாதம் அவர் பர்மனென்ட் ஆனார். அவரோடு வேலை பார்த்த அத்தனை பேருக்கும் அதே நாளில் ஆர்டர் வந்தது. அவர்களில் ஒருவரும் பெண்டாட்டி புடவையைத் தூக்கிக் கொடுத்ததில்லை.

அன்று சாயங்காலம் வடலூரில் சிவப்புப் பட்டு ஒன்று வாங்கி வந்து இளித்துக்கொண்டே நீட்டினார். அதன்மேல் கத்தரிக்கோலை வைத்துத் திருப்பிக் கொடுத்தேன்.

"இதையும் கொண்டுபோய்க் குடுங்க. பிரமோஷன் வேணாமா?"