நூறு வாங்கினால் இறங்கும் வகுப்பு

டெல்ஃபினா சலீனாஸ் கோபக்காரி. ஆற்றுக்கு அந்தப் பக்கம் மெக்சிகோ, இந்தப் பக்கம் டெக்சஸ் என்று இருக்கும் எங்கள் ஊர் உயர்நிலைப் பள்ளியில் காவலாளி முதல் தலைமையாசிரியர் வரை அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர் கிடையாது. கடைசி வருடப் பிள்ளைகள் எந்தெந்தப் பாடம் எடுப்பது என்று வழிகாட்டும் ஆலோசகர் வேலை அவளுக்கு.

அந்தக் கோபத்துக்கு ஒரு காரணம் உண்டு. அவளுடைய பெற்றோர் வருடா வருடம் அவளையும் கூட்டிக்கொண்டு வடக்கே மிச்சிகனுக்குச் செர்ரியும் ஆப்பிளும் பறிக்கப் போகிறவர்கள். அறுவடை முடிந்து ஊர் திரும்புவதற்குள் பள்ளி தொடங்கி ஒரு மாதம் ஓடியிருக்கும். நல்ல வகுப்புகளெல்லாம் நிரம்பிப்போய், அவளுக்கு மிஞ்சியது தையலும் சமையலும். கடைசி வருடத்தில் உயர் கணிதம் எடுக்காதவளைப் பெரிய கல்லூரிகள் திரும்பிக்கூடப் பார்க்காது என்பதை ஒரு ஆள்கூட அவளிடம் சொல்லவில்லை. கல்லூரிகளிலிருந்து வரிசையாக மறுப்பு வந்த பிறகுதான் தெரிந்தது. அன்றைக்குப் பற்றிய எரிச்சல் இன்றும் அணையவில்லை. தனக்குத் தெரியாமல் போனது இங்கே ஒரு பிள்ளைக்கும் தெரியாமல் போகக்கூடாது என்று வைராக்கியமாக இருந்தாள்.

அந்த வைராக்கியத்தில்தான் மார்ச் மாதம் நொயெலியா கவாசோஸையும் அவள் அப்பா எலிசியோவையும் கூப்பிட்டு உட்காரவைத்தாள். எலிசியோ டயர் கடை வைத்திருப்பவர். நொயெலியா பள்ளியில் மெக்சிகோ நாட்டுப் பாட்டு வாசிக்கும் மரியாச்சிக் குழுவில் கித்தாரோன் வாசிப்பவள். கர்ப்பிணி வயிறு மாதிரிப் பெருத்த அந்தக் கித்தாரின் அடித்தொனி இல்லாவிட்டால் மொத்தக் குழுவும் தள்ளாடும்.

"அடுத்த வருஷம் மரியாச்சிய விட்டுரு கண்ணு," என்றாள் டெல்ஃபினா.

"ஏன், மார்க் கம்மியா?" என்றார் எலிசியோ.

"நூத்துக்கு நூறு வாங்கியிருக்கா. அதான் பிரச்சினையே."

எலிசியோ மகளைப் பார்த்தார். மகள் தரையைப் பார்த்தாள். அவளுக்கு முன்பே தெரியும்.

டெல்ஃபினா விளக்கினாள். கல்லூரித் தரத்தில் நடக்கும் பாடங்களுக்குப் பத்து மதிப்பெண் கூடுதலாகப் போடுவார்கள். நொயெலியா அவை எல்லாவற்றையும் எடுத்துவிட்டாள். அவளுடைய சராசரி நூறைத் தாண்டி நிற்கிறது. மரியாச்சிக்குக் கூடுதல் கிடையாது, எவ்வளவு நன்றாக வாசித்தாலும் நூறுதான். அந்த நூறு சேர்ந்தால் சராசரி இறங்கும். சராசரிப்படி வகுப்பில் முதல் வரிசையில் வரும் கொஞ்சம் பேருக்குத்தான் மாநிலத்தின் பெரிய பல்கலைக்கழகத்தில் இடம் உறுதி. நொயெலியா அந்த வரிசையின் விளிம்பில் நின்றாள்.

"நான் படிக்காதவன் மிஸ். நூறு வாங்குனா எறங்கும்ங்கறது எந்த ஊரு கணக்கு?"

"நம்ம ஊரு கணக்குதான். நம்ம கல்வி வாரியம் போட்டது."

"சரி, அந்த நேரத்துல இவ என்ன படிப்பா?"

"என் ரூம்ல உக்காந்து போன் எடுப்பா. ஆபீஸ் உதவின்னு பேரு. அதுக்கு மார்க் கெடையாது, அதனால சராசரி எறங்காது."

எலிசியோ சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை. "வாசிச்சா எறங்கும், சும்மா உக்காந்தா எறங்காது. இதச் சொல்ல வெக்கமா இல்லையா உங்களுக்கு?"

"இருக்கு," என்றாள் டெல்ஃபினா.

இருந்ததால்தான் அந்த வாரமே கல்வி வாரியக் கூட்டத்துக்குப் போனாள். கூத்தைக் கேளுங்கள். மாநிலப் போட்டியில் கோப்பை வாங்கி வந்ததற்காக அன்று மரியாச்சிக் குழுவைத்தான் முதலில் வாசிக்க விட்டிருந்தார்கள். வாரியத் தலைவி டாலியா ஓச்சோவா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நொயெலியாவின் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டார். பிள்ளைகள் வெளியே போனதும் டெல்ஃபினா எழுந்தாள்.

"மரியாச்சிக்கும் அந்தப் பத்தக் குடுங்க. இல்ல, சராசரியில சேக்காம விடுங்க. இங்க கை தட்டிட்டு அங்க மார்க்குல குத்தாதீங்க."

நடுவில் விதியை மாற்றினால் மற்ற பெற்றோர் வழக்குப் போடுவார்கள் என்றார் டாலியா. ஒரு குழு அமைத்துப் பரிசீலிக்கலாம் என்றார். குழுவாவது, பரிசீலனையாவது. அது கிணற்றில் போட்ட கல் என்று டெல்ஃபினாவுக்குத் தெரியாதா? 

பாடத்தை மாற்றக் கடைசி நாளில் நொயெலியா தனியாக வந்தாள், கித்தாரோனைத் தூக்கிக்கொண்டு. அது பள்ளியின் சொத்து. வகுப்பை விட்டால் ஒப்படைத்துவிட வேண்டும்.

"மரியாச்சிய எடுத்துருங்க மிஸ்."

"அப்பா சொன்னாரா?"

"அப்பா வாசின்னுதான் சொல்றாரு. நான்தான் காலேஜுக்குப் போகணும்ங்கறேன். காலம் பூரா டயர் கடைக் கல்லாவுல உக்கார முடியாது மிஸ்."

டெல்ஃபினா கணினியில் விசையை அழுத்தி அவள் பாடப் பட்டியலிலிருந்து மரியாச்சியை அழித்தாள். சொல்லிக் கொடுத்தது அவள், செய்து முடித்ததும் அவள். வாரியத்தின் மேல் இருந்த கோபத்தில் பாதி அன்று அவள் மேலேயே திரும்பியது.

கோடை விடுமுறை முடிந்து கடைசி வருடம் தொடங்கியது. நொயெலியா தினமும் ஒரு மணி நேரம் ஆலோசகர் அறையில் உட்கார்ந்து போன் எடுத்தாள். தரவரிசை வந்தது. முதல் வரிசைக்குள் இருந்தாள். எலிசியோ சோள மாவில் இறைச்சி வைத்து அவித்த தமாலே ஒரு பொட்டலம் கொண்டுவந்து டெல்ஃபினாவின் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

டிசம்பரில் ஒரு நாள் போன் அடித்தது. டாலியா ஓச்சோவா. மரியாச்சி ஆசிரியர் எடுக்காததால் இங்கே கூப்பிட்டிருந்தார். அவர் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"சனிக்கிழம எங்க கிறிஸ்மஸ் விருந்துக்கு மரியாச்சி வேணும்மா. அந்தப் பெரிய கித்தார் வாசிக்கிற பொண்ணு கட்டாயம் வரணும்."

"அவ இப்ப அதுல இல்ல மேடம்," என்றாள் நொயெலியா. "நீங்க போட்ட விதிப்படி இங்க உக்காந்து உங்க போன எடுத்துக்கிட்டு இருக்கா."

 "ஓ, நீதானா அது? அப்ப சனிக்கிழம மட்டும் வந்து வாசிச்சுட்டுப் போயேன், ராசாத்தி," என்றார் டாலியா.

டெல்ஃபினா எழுந்து வந்து ரிசீவரைப் பிடுங்கினாள். "வாசிச்சா எவ்வளவு மார்க் போடுவீங்க டாலியா? அத மொதல்ல சொல்லுங்க." பதிலுக்குக் காத்திருக்காமல் வைத்தாள்.  நறுக்கென்று கேட்டுவிட்ட திருப்தியில் நொயெலியாவைப் பார்த்தாள்.

நொயெலியா சிரிக்கவில்லை.

"கூப்பிட்டாலும் போக முடியாது மிஸ்," என்று இடது கையை நீட்டினாள். "தொட்டுப் பாருங்க. வாசிச்சு வாசிச்சு வந்த காய்ப்பெல்லாம் போயிடுச்சு. அந்தக் கம்பிய அழுத்துனா ஒரு பாட்டுக்குள்ள ரத்தம் வந்துரும்."

டெல்ஃபினா தொட்டுப் பார்த்தாள். விரல் நுனிகள் மெத்தென்று இருந்தன.