சிலுவைப்போர்ப் படத்துக்கு அத்தா சொன்ன கருத்து

மட்டாஞ்சேரியில் அத்தாவின் சாக்குக் கடைக்கும் பக்கத்துத் தராசுக் கடைக்கும் நடுவே ஒரே சுவர். பேப்பரும் ஒன்றுதான். காலையில் வந்ததும் அதைப் பிரித்து, வெளித்தாள்களை அத்தா எடுத்துக்கொள்வார், உள்தாள்கள் தராசு பழுதுபார்க்கும் சேட்டனுக்கு. பதினொரு மணிச் சாயாவின்போது பாதிகளை மாற்றிக்கொள்வார்கள். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே இப்படித்தான். சேட்டன் மலையாளத்தில் பேசுவார், அத்தா தமிழில் பதில் சொல்வார். ஒருவர் வெள்ளி தவறாமல் ஜும்மாவுக்கு, மற்றவர் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்கு. அதைப் பற்றி அவர்கள் பேசி நான் கேட்டதில்லை. மழை, இஞ்சி விலை, மூட்டுவலி, அவ்வளவுதான் பேச்சு.

எனக்குச் சினிமாப் பைத்தியம். தோப்பும்படியிலிருக்கும் கல்லூரித் தோழியும் நானும் ஒரு சேனல் நடத்தினோம். புதுப்படம் வந்தால் தியேட்டர் வாசலில் நின்று, பார்த்துவிட்டு வருகிறவர்களிடம் கருத்துக் கேட்போம். மைக் என் கையில், கேமராவும் எடிட்டிங்கும் அவள் பொறுப்பு. அவள் வெட்டி ஒட்டியதை நான் ஒருநாளும் சரிபார்த்ததில்லை. என் போனைத் திறக்கும் எண்கூடத் தெரிந்தவள், அவளிடம் போய் எதைச் சரிபார்ப்பது?

சிலுவைப்போரை வைத்து அந்தப் பெரிய படம் வரப்போகிறது என்றதும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கிறிஸ்தவர்கள் கையிலிருக்கும் கோட்டைப் பட்டணத்தை முஸ்லிம் படை எப்படி முற்றுகையிடும் என்று சோற்றுத் தட்டிலேயே அத்தாவுக்கு வரைந்து காட்டினேன். தியேட்டர் பக்கம் போய்ப் பல வருஷமான மனுஷரை நச்சரித்துச் சம்மதிக்க வைத்தேன். அவர் சேட்டனையும் கூப்பிட்டார்.

"மூணு மணிக்கூர் முட்டு மடக்கி இருக்க எனக்கு ஆகாது ராவுத்தரே. கண்டு வந்து கதை பறஞ்சா மதி," என்றார் சேட்டன். பார்த்துவிட்டு வந்து அத்தா கதை சொன்னால் போதுமாம்.

ஞாயிறு மதியக் காட்சி, எர்ணாகுளத்தில், தமிழ் டப்பிங். படம் விட்டதும் நான் மைக்கோடு வாசலுக்கு ஓடினேன். ஒரு பையன், சண்டை சூப்பர், காதல்தான் இழுவை என்றான். ஓர் அக்கா, "எல்லாரும் தாடி வெச்சிருக்காங்க, எவன் எந்தப் பக்கம்னே தெரியல" என்றார். கட்டட வேலைக்கு வந்திருக்கும் தேனிக்காரர் ஒருவர், "குதிரைங்கதான் நல்லா நடிச்சிருக்கு. அதுகளுக்கு மட்டுந்தான் எதுக்குச் சண்டைன்னு தெரியாது" என்றார்.

பிறகு அத்தா வந்தார். கூச்சத்தில் சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டே நின்றார்.

"பட்டணம் விழுந்தப்போ எப்பிடி இருந்துச்சு அத்தா?"

"சந்தோஷமாத்தான் இருந்துச்சு. விசிலடிக்கலாம்னு தோணுச்சு." சிரித்தார். நான் மைக்கை விலக்கப் போனேன், அவர் பிடித்து இழுத்துக்கொண்டார். "பொறவு கதவத் தொறந்து அந்தச் சனங்க மூட்டை முடிச்சோட வெளிய வராங்கல்ல, அதுல ஒரு பெரியவரு தராசு ஒண்ண நெஞ்சோட அணைச்சுக்கிட்டு வராரு. நம்ம சேட்டன் மாதிரியே. இவர எவன் ஊரவிட்டுத் தொரத்துறதுன்னு கோவம் வந்திருச்சு. அதுக்குமேல எனக்குப் படம் ஓடவே இல்ல."

இத்தனை நாளில் இப்படி ஒரு கருத்து எங்களுக்குக் கிடைத்ததில்லை. திரும்பித் தோழியைப் பார்த்தேன். கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள்.

திங்கட்கிழமை சாயா நேரத்தில் அத்தா கதையை ஆரம்பித்தார். கோட்டைக்கு வெளியே படை வந்து நிற்பதுவரை சொல்லி நிறுத்திவிட்டார். தராசுப் பெரியவரைக் கடைசிக்கு வைத்திருந்தார். "சேட்டன் மொகம் எப்பிடி மாறுதுன்னு நாளைக்கு நீயே வந்து பாரு" என்று வீட்டில் என்னிடம் சொன்னார்.

பார்க்கத்தான் போயிருந்தேன். பதினொரு மணிக்கு அத்தா வெளித்தாள்களோடு பக்கத்துக் கடை வாசலில் போய் நின்றார். "எங்க விட்டோம், கோட்டை வாசல்லயா?"

சேட்டன் தராசுத் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "பாக்கி கதை ஞான் போன்ல கண்டாச்சு ராவுத்தரே."

போனைத் திறந்தேன். முந்தின நாள் சாயங்காலமே தோழி வீடியோவை ஏற்றியிருக்கிறாள். அத்தாவின் சிரித்த முகம். சந்தோஷமாத்தான் இருந்துச்சு, விசிலடிக்கலாம்னு தோணுச்சு. கீழே அதுவே மலையாளத்தில், கொட்டை எழுத்தில். அடுத்து, குதிரைகளைப் புகழ்ந்த தேனிக்காரர் வந்துவிட்டார். தராசும் இல்லை, பெரியவரும் இல்லை.

அத்தா அதை மூன்று முறை பார்த்தார். "ஒங் கைதான தெரியுது," என்றார். மைக்கைப் பிடித்திருந்த என் கை. அதில் அவர் வாங்கித் தந்த வாட்ச்.

தோழியை அழைத்தேன். "ஒன்றரை நிமிஷம் ஒரே ஆள் பேசினா யாரு பாப்பாங்கடி?" என்றாள். "அவர் சொன்னதத்தான போட்டிருக்கேன். நானா டப்பிங் குடுத்தேன்?"

"மிச்சம் எங்க?"

"கேமரா கார்ட அழிச்சாச்சு. வெள்ளிக்கிழம அடுத்த படம் வருதுல்ல."

அவளுடைய கட்டைவிரல் அந்த முதல் இரண்டு வாக்கியங்களுக்குத்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. கத்தினேன். வீடியோவை எடுத்துவிட்டாள். அதற்குள் அது எத்தனையோ குழுக்களுக்குப் போயிருந்தது.

ஜும்மா முடிந்து வரும்போது நாலு பையன்கள் அத்தாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்களாம். "மாமு, கலக்கிட்டீங்க." "நான் அந்த அர்த்தத்துல சொல்லல" என்று அத்தா சொல்லியிருக்கிறார். "விடுங்க மாமு, யாருக்குப் பயப்படுறீங்க" என்று தோளில் தட்டிவிட்டுப் போனார்களாம். இதை அவர் உம்மாவிடம்தான் சொன்னார், என்னிடம் இல்லை.

அடுத்த திங்கட்கிழமை நான் தனியாகத் தராசுக் கடைக்குப் போனேன். வெட்டுப்பட்ட பாதியை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். தராசை அணைத்துக்கொண்டு வந்தவரைச் சொன்னபோது சேட்டன் கையிலிருந்த எடைக்கல்லைக் கீழே வைத்தார்.

"மோள் சொல்றது ஞான் நம்பறேன்," என்றார். "பட்சே ஞாயிறாழ்ச்ச சர்ச்சு வாசல்ல பத்துப் பேர் போனை நீட்டி, இதாணோ நின்றெ சிநேகிதன்னு கேட்டாங்க. அவங்க எல்லார்கிட்டயும் மோள் வந்து சொல்லுமோ?"

அவர் மேசைமேல் ஒரு முழுப் பேப்பர், பிரிக்காமல், மடித்தபடி கிடந்தது.

இப்போது இரண்டு கடைகளுக்கும் தனித்தனியாக இரண்டு பேப்பர் வருகிறது. சேனலில் வேறொருத்தி மைக் பிடிக்கிறாள். அத்தா பழக்கம் விடாமல் பேப்பரை இன்னும் இரண்டாகத்தான் பிரிக்கிறார். பதினொரு மணிக்குச் சாயா வந்ததும் வெளித்தாள்களை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு எழுகிறார். பிறகு உட்கார்ந்து, மேசையிலேயே கிடக்கும் உள்தாள்களை எடுத்துப் படிக்கத் தொடங்குகிறார்.