ஜெயமுருகன் அடிக்காத ஒன்பது பாட்டு

எங்கள் ஹெவி மெட்டல் குழு ஒரே ஒரு ஆல்பம்தான் வெளியிட்டது. அதில் ஒன்பது பாட்டு. ஒன்பதிலும் டிரம்ஸ் ஜெயமுருகன் என்று அட்டையில் அச்சாகியிருக்கிறது. பின்பக்கம் முழுக்க அவன் முகம். அது பொய். அவன் அடித்த ஒரு அடிகூட அதில் இல்லை.

ஜெயமுருகன் மன்னவனூர்க்காரன். வீட்டில் பூண்டு விவசாயம். மேல்மலையிலிருந்து காரட்டும் பூண்டும் ஏற்றிக்கொண்டு, பெருமாள்மலை வழியாக வத்தலக்குண்டுக்கு இறங்கும் பிக்கப் வண்டியை ஓட்டினான். நாயுடுபுரத்தில் சுவாமிநாதனின் பங்களாவில் நாங்கள் ஒத்திகை பார்ப்போம். சுவாமிநாதன் கிட்டார், நான் பேஸ் கிட்டார். எங்கள் டிரம்ஸ்காரன் பெங்களூருக்கு வேலைக்குப் போயிருந்த நேரம். சமையலறைக்குக் காய்கறி இறக்க வந்த ஜெயமுருகன் கதவருகிலேயே நின்றுவிட்டான்.

"அந்த ஸ்டூலு சும்மாத்தான கெடக்கு? ஒருக்கா உக்காந்து பாக்கட்டுமா?"

"காரட் இறக்கிட்டேல்ல? கெளம்பு" என்றான் சுவாமிநாதன்.

"வெரசா கெளம்பணும்தான் சாரே. அஞ்சு நிமிசம்."

வேடிக்கைக்காக விட்டோம். அரை மணி நேரம் கழித்து எங்களில் யாரும் சிரிக்கவில்லை.

அவன் யாரிடமும் கற்றுக்கொண்டதில்லை. பூண்டுக் காட்டுக்குள் இறங்கும் காட்டுமாட்டை விரட்ட, மேல்மலையில் தகர டின்னைத் தட்டுவார்கள். சீராகத் தட்டினால் மாடு பழகிக்கொண்டு மேயத் தொடங்கிவிடும். அடுத்த அடி எப்போது விழும் என்று அதற்குத் தெரியக் கூடாது. எட்டு வயதிலிருந்து அப்படித் தட்டியவன் அவன். எங்கள் பாட்டிலும் அடி விழ வேண்டிய இடத்தில் ஒரு மயிரிழை பொறுப்பான். பிறகு விழும்.

சுவாமிநாதன் அவனைப் பூண்டு என்றுதான் கூப்பிட்டான். குச்சியைத் தொடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்வான்.

"கழுவுனா போற வாடையா இது? என் கல்யாண மாலையே நாறுச்சு" என்பான் ஜெயமுருகன். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

வண்டி நடைகளுக்கு நடுவே நான்கு மதியங்கள் ஸ்டுடியோவுக்கு வந்து ஒன்பது பாட்டையும் பதிவுக்கு அடித்துக் கொடுத்தான். அடுத்த மூன்றாவது வாரம் பெருமாள்மலையில் வண்டிக்குத் தார்ப்பாய் கட்டும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. முப்பத்து நான்கு வயது.

ஒரு மாதம் கழித்து சுவாமிநாதன் என்னை ஸ்டுடியோவுக்கு அழைத்தான். கணினித் திரையில் டிரம்ஸ் அடிகள் கோடுகளாக ஒழுங்காக நின்றன.

"தாறுமாறா அடிச்சிருக்கான்டா. எல்லாத்தையும் நேராக்கிட்டேன். சத்தமும் சரியில்ல, எடுத்துட்டு வேற டிரம்ஸ் சத்தத்தை வச்சுட்டேன்."

"அப்ப அவன் எங்கடா இதுல?"

"அதான் அட்டையில இருக்கான்ல?"

போட்டுக் காட்டினான். பிணத்துக்குப் பல்செட்டு மாட்டியது போல இருந்தது. நான் தலையாட்டினேன்.

ஆல்பம் வந்தது. எங்கள் டிரம்ஸில் மலையின் மண்வாசம் இருப்பதாக சுவாமிநாதன் பேட்டி கொடுத்தான். கை கழுவிவிட்டு வா என்று சொன்ன அதே வாய்.

போன வாரம் ஜெயமுருகனின் மனைவி ரோகிணி போன் செய்தாள். "அண்ணே, வர்ற வெள்ளிக்கெழம வருசத் திதி. படையல் போட்டு, அவரு அடிச்சதைப் படத்துக்கு முன்னாடி போடணும். சுபஸ்ரீக்கு ஏழு வயசாச்சு. அப்பா கை டிரம்ஸுல எப்படிப் பேசும்னு அவ ஒரு தடவையாச்சும் கேக்கட்டும்."

அசல் பதிவைக் கொடு என்று சுவாமிநாதனிடம் கேட்டேன். "அதை அப்பவே அழிச்சுட்டேன்டா. வீணா எடத்த அடைச்சுக்கிட்டு இருந்துச்சு" என்றான்.

அதைச் சொல்லத் துணிவில்லாமல் ஆல்பத்தை எடுத்துக்கொண்டு மன்னவனூருக்குப் போனேன். படத்துக்கு முன்னால் இலை போட்டிருந்தார்கள். பிள்ளை புதுப் பாவாடையில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தது. போனில் முதல் பாட்டைப் போட்டேன். பாதிகூடப் போகவில்லை.

"நிறுத்துங்கண்ணே. யாரு அடிக்கிறது இது?"

"ஜெயமுருகன்தான்..."

"எங்கிட்டயேவா? பத்து வருசமா அந்த மனுசன் சோத்துத் தட்டுல தட்டுனதக் கேட்டவ நான். இது தையல் மிசினுல்ல ஓடுது!"

எல்லாவற்றையும் சொன்னேன், நான் தலையாட்டியது உட்பட. ரோகிணி அடுப்புப் பக்கம் திரும்பி நின்றாள்.

"செத்தவருகிட்டக் கேக்க முடியாது. எங்கிட்டக் கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டிருக்கணும்."

"நீங்க ஒரு வார்த்த சொல்லல?"

"இல்லம்மா."

"அப்பா பாட்டு முடிஞ்சிருச்சா?" என்றது பிள்ளை.

"இது அப்பா பாட்டு இல்ல பாப்பா. வேற யாருதோ."

எனக்கும் இலை போட்டாள். திதி வீட்டில் சோறு வேண்டாம் என்று எழுந்து வர முடியாது. ஒவ்வொரு கவளத்தையும் தண்ணீர் குடித்து இறக்கினேன். கிளம்பும்போது ஆல்பத்தை என் கையிலேயே திருப்பித் தந்தாள்.

"இதக் கொண்டு போயிருங்க. அவரு பேரையும் படத்தையும் எடுக்கச் சொல்லுங்க. அவரு அடிக்காததுக்கு அவரு பேரு எதுக்கு?"

பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போதே சுவாமிநாதனிடம் போனில் சொன்னேன்.

"செத்தவன் பேரையே எடுக்கச் சொல்றியா? மனசாட்சி இருக்காடா உனக்கு?" என்றான். குரல் தழுதழுத்தது. அவன் நடிக்கவில்லை. அதுதான் எனக்கு அருவருப்பாக இருந்தது.

சற்று முன்பு அவனுக்கு எழுதி அனுப்பிவிட்டேன்: டிரம்ஸ் என்ற இடத்தில் கணினி என்று போடு. என் பேரையும் எடுத்துவிடு. பேஸ் நான் வாசித்ததுதான், அதில் நீ கை வைக்கவில்லை. இருந்தாலும் எடுத்துவிடு.